வெற்றுக் கட்டத்துக்கு ஒரு நன்றி

கம்பம்,
தேனி மாவட்டம்.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் மாரீஸ்வரி அம்மா அவர்களுக்கு,

சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நத்தர்ஷா எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் இங்கே நானும், என் மனைவி மெஹராஜும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் அப்ரினும், அவளைக் கூட்டிக்கொண்டு வந்த மருமகன் கலீல் ரஹ்மானும் நலம். கொடிகளும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். உங்கள் டேட்டாபேஸின் நலத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. அது நலமில்லை என்று நீங்களே பதினோரு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னை நினைவிருக்கும். மறந்திருக்க வழியில்லை. "கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எங்கே போனீர்கள், டீ குடிக்கவா?" என்று தொடங்கிய மின்னஞ்சல் என்னுடையது. அதற்குப் பிறகு வந்த, அதைவிடக் காரமான மற்றவையும் என்னுடையவை. அவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. கோபம் நியாயமான கோபம். ஆனால் நன்றியும் நியாயமான நன்றி. இரண்டும் ஒரே கூடையில் இருக்கலாம், பழமும் இலையும் மாதிரி.

உங்கள் முதல் பதில்களிலெல்லாம் "தங்கள் புகாரில் விவரம் போதவில்லை" என்று ஒரு வரி இருந்தது. ஆகவே இந்தத் தடவை விவரத்தில் குறை வைக்கப் போவதில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத்தைப் பூச்சிமருந்து டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கம்பெனிகளின் ஆண்டறிக்கை பின்னால் வந்தது. இரண்டிலும் விஷம் பற்றிய சங்கதி சின்ன எழுத்தில்தான் இருக்கும் என்பதால் எனக்குப் படிப்பதில் சிரமமே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தென்சாரல் அக்ரோ லிமிடெட் என்கிற கம்பெனியின் கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. விலை விழுந்த வாரத்தில் பழத்தை அங்கே வைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விடலாம். அது வருவதற்கு முன்னால், மழை வந்தாலும் வியாபாரி வராவிட்டாலும் பறித்த பழம் கேட்ட விலைக்குப் போகும், இல்லாவிட்டால் மாட்டுக்குப் போகும். அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது இங்கே நாங்கள் பலபேர் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினோம். லாபத்துக்கு அல்ல, நம் பழம் தூங்குகிற வீட்டில் நமக்கும் ஒரு செங்கல் இருக்கட்டும் என்று.

இந்த வருடம் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழு, இந்தச் சுருளிப்பட்டிக் குளிர்க்கிடங்கை மூடி இடத்தை விற்கப் போவதாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அது சிறப்புத் தீர்மானம். விழுந்த ஓட்டில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். நாங்கள் எல்லோரும் போனில் ஓ.டி.பி. வாங்கி எதிர்த்து ஓட்டுப் போட்டோம். எங்கள் ஓட்டை எல்லாம் கூட்டினாலும் ஒரு பந்தலின் ஒரு கொடி தேறாது என்பது எனக்குத் தெரியும். ஓட்டு முழுவதும் பெரிய கைகளில்தான், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், பென்ஷன் நிதி என்று நிறுவனங்களிடம்தான் இருந்தது. முடிவு வந்தது. தீர்மானம் மயிரிழையில் தோற்றது. கிடங்கு பிழைத்தது. அன்றைக்குக் கிடங்கு வாசலில் டீயும் வடையுமாக ஒரே கொண்டாட்டம். அங்கேதான், அம்மா, எனக்கு ஏழரை பிடித்தது.

என் மருமகன் பம்பாயில் ஒரு பெரிய மியூச்சுவல் ஃபண்டில் வேலை பார்க்கிறார். அதன் பெயரை எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். எந்தக் கம்பெனியின் எந்தத் தீர்மானத்துக்கு ஃபண்ட் ஆதரவா எதிர்ப்பா என்று ஓட்டுப் போடுகிற பிரிவிலேயே அவருக்கு வேலை. தென்சாரலில் அந்த ஃபண்டுக்கு நல்ல பங்கு இருக்கிறது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு நான், "கிடங்கைக் காப்பாத்துன கை யாரு கைன்னு நெனச்சீக? என் மருமகன் கை!" என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் தவறில்லை. என் பக்கத்துத் தோட்டத்து அய்யாத்துரை அங்கே நின்றதுதான் தவறு. இவன் என் சிறுவயதுக் கூட்டாளி. என்னை மச்சான் முறை வைத்துக் கூப்பிடுவான். நான் சொல்லும் எதற்கும் ரசீது கேட்பதே அவன் பிழைப்பு.

"மச்சான், ஆதாரம் இருக்கா?" என்றான்.

"என் சொல்லே ஆதாரம்."

"போன வருசம் மழை வராதுன்னு சொன்னீரே, அந்தச் சொல்லா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வடையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். அப்படித்தான் உங்கள் டேட்டாபேஸ் கிடைத்தது. எல்லா நிறுவனங்களும் எந்தக் கம்பெனியின் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டன என்று ஒரே இடத்தில், இலவசமாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி! பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கிவிட்டேன் என்று எழுதினால் நம்ப வேண்டும். அதில் தென்சாரலைக் கண்டுபிடித்தேன். தீர்மானத்தைக் கண்டுபிடித்தேன். மருமகனின் ஃபண்டையும் கண்டுபிடித்தேன். அதற்கு நேரே இருந்த கட்டம் காலி. ஆதரவு இல்லை, எதிர்ப்பு இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத்தில் தீர்மானம் நிறைவேறுவது எப்படி என்றால், செயலாளர் எழுந்து வாசிப்பார், "ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கவும்" என்பார். தூக்காத கை எல்லாம் ஆதரவுக் கை. தண்ணீர் முறை, மருந்தடிக்கிற நாள், கோயில் கொடை, கந்தூரி நன்கொடை எல்லாம் இப்படித்தான் முடிவானது. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த முத்துவீரனைப் பொருளாளராக்கியதும் இப்படித்தான். அவரும் விழித்தபின் ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் சம்மதமாயிற்று. என் நிக்காஹ்விலும் பெண்ணின் சம்மதம் கேட்கப் போனவர்கள், மெஹராஜ் வாயே திறக்கவில்லை, மௌனம் சம்மதம் என்று வந்து சொன்னார்கள். அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்ததாக இப்போது சொல்கிறாள். அது காலம் கடந்த ஆட்சேபணை. ஆக, வாய் திறக்காதவன் ஒத்துக்கொண்டவன் என்பது எங்கள் ஊரில் சட்டம். உங்கள் காலிக் கட்டத்தை நான் என்னவென்று வாசிப்பேன்? மருமகனின் ஃபண்ட் கிடங்கை மூடச் சம்மதித்துவிட்டது என்றுதானே?

உடனே பம்பாய்க்குப் போன் போட்டேன்.

"மருமகனே, தென்சாரலுக்கு ஓட்டு எப்படிப் போட்டீக?"

"மாமா, அதை இப்பச் சொல்லக் கூடாது. காலாண்டு முடிஞ்சதும் வெப்சைட்ல போடுவோம். அப்பப் பாத்துக்கலாம்."

"ஊருக்குச் சொல்லாதீக. எனக்குச் சொல்லுங்க. எதிர்த்துத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை."

அவர் பேசவில்லை.

"அப்ப ஆதரிச்சா போட்டீக?"

அதற்கும் பேசவில்லை. கேட்டீர்களா அம்மா, கட்டம் காலி, மருமகன் வாயும் காலி. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன ஆதாரம் வேண்டும்? "எங்க பழத்தை நடுரோட்டுல கொட்டச் சொன்ன கைக்கு என் வீட்டுல சோறு கிடையாது. இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன். தீர்மானம்தான் தோற்றுவிட்டதே, கிடங்குதான் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மெஹராஜும் அதைத்தான் கேட்டாள். வீட்டுக்குள் கல் எறிந்தவனை, குறி தப்பியது என்பதற்காக விருந்துக்குக் கூப்பிட முடியுமா?

போனை அப்ரின் வாங்கினாள். ஒரே மகள். தலைப்பிரசவம். அப்போது வயிற்றில் ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லா வீட்டிலும் வழக்கம். விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் போனால் விமானத்தில் ஏற டாக்டர் விடமாட்டார்.

"அத்தா, அவுக மிதிக்கக் கூடாத வாசப்படிய நான் மட்டும் எப்படி மிதிக்கிறது? நான் இங்கனயே பெத்துக்கிறேன். நீங்க உங்க கோல்டு ஸ்டோரேஜைத் தொட்டில்ல போட்டு ஆட்டுங்க."

வைத்துவிட்டாள். மெஹராஜ் அன்று முதல் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். பழைய தொட்டிலைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தவள், அதை எடுத்து நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே போட்டாள். அதைக் காலியாகவே வைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் காலியாக ஒன்று. போனைத் திறந்தால் உங்கள் கட்டம், மூடினால் தொட்டில். அந்த நாட்களில்தான் உங்களுக்கு அந்த மின்னஞ்சல்களை எழுதினேன். காரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். குழம்பில் போட வேண்டியதை மெஹராஜ் நிறுத்திவிட்டதால் மிச்சமிருந்தது.

அவற்றில் கடைசி மின்னஞ்சலுக்கு நீங்கள் ஒரு பதில் எழுதினீர்கள். அதை அப்படியே மனப்பாடமாகச் சொல்வேன். "ஐயா, வெற்றுக் கட்டத்துக்கு ஆதரவு என்று பொருள் அல்ல. எதிர்ப்பு என்றும் பொருள் அல்ல. அந்த நிறுவனம் வாக்களிக்கவில்லை என்றுகூடப் பொருள் அல்ல. எங்களுக்குத் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். எங்கள் தரவின் குறைகளைப் பற்றிய குறிப்பை இணைத்திருக்கிறேன். அன்புகூர்ந்து படிக்கவும்."

அம்மா, நான் எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். இதுவரை எந்த ஆபீசிலும், எந்த மேஜைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்த ஒருவரும் என்னிடம் "எங்களுக்குத் தெரியவில்லை" என்று சொன்னதில்லை. நாளை வாருங்கள் என்பார்கள், சர்வர் இல்லை என்பார்கள், மேலே அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். கொடியில் சாம்பல் நோய் வந்தபோது மருந்துக்கடைக்காரர், பூமியே பார்க்காதவர், இலையைக்கூடப் பார்க்காமல் மூன்று மருந்து கொடுத்தார். தெரியவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பந்தல் இன்றைக்கும் நிற்கும். நான் மட்டும் என்ன, நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் விஷயம் வேறு, எனக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

உங்கள் குறிப்பைக் கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரர் ஏழாம் பக்கத்தைத் தலைகீழாக எடுத்துக் கொடுத்தார். அதையும் ஒரு தரக்குறைபாடாகக் கணக்கில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன. ஒரே ஃபண்ட் கம்பெனி கைமாறிப் பெயர்மாறி உங்கள் பட்டியலில் மூன்று ஆளாக நிற்கிறதாம். வேறு வேறு ஃபண்டுகள் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருப்பதால் ஒன்றாகிவிடுகிறதாம். இதற்கா இவ்வளவு கவலை? சுருளிப்பட்டியில் நின்று "சுருளியாண்டி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதி ஊர் திரும்பும். நாங்கள் கிணற்றை வைத்துப் பிரிப்போம். பெரிய கிணத்துச் சுருளியாண்டி, வத்தல் கிணத்துச் சுருளியாண்டி. ஆள் வீடு மாறலாம், வேலை மாறலாம், கிணறு மாறாது. நீங்களும் ஒவ்வொரு ஃபண்டுக்கும் மாறாத ஒரு கிணற்றைக் கொடுத்துவிடுங்கள். இதற்கு நான் கட்டணம் கேட்கவில்லை.

சில ஃபண்டுகள் ஓட்டு விவரத்தைக் கோணல்மாணலாக ஸ்கேன் செய்த படமாக வெளியிடுவதால், மெஷின் படிக்கும்போது ஒரு வரியின் ஓட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது அடுத்தவன் மடையில் தண்ணீர் பாய்கிற கதை. இங்கே இதற்கு வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது, நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பங்குதாரர்களே கொண்டுவரும் தீர்மானங்களில் "ஆதரவு" என்று இருந்தால், தீர்மானத்தை ஆதரித்தார்களா, அதை எதிர்க்கும் இயக்குநர் குழுவை ஆதரித்தார்களா என்று சில ஆண்டுகளுக்கு உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஒரே கம்பெனியின் வெவ்வேறு ஃபண்டுகள் வெவ்வேறு பக்கம் ஓட்டுப் போட்டால், பெரிய ஃபண்டின் ஓட்டை மட்டும் எழுதிக்கொள்கிறீர்களாம். இதை வாசித்தபோது சத்தமாகவே கத்திவிட்டேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் நான் "சாப்பிட்டுப் போங்க" என்கிறேன், மெஹராஜ் உள்ளேயிருந்து பாத்திரத்தைக் கவிழ்க்கிறாள். நீங்கள் என்ன எழுதுவீர்கள்? பெரியவர் ஆதரவு என்றா? விருந்தாளி பட்டினியல்லவா போவார்!

கத்தியதைக் கேட்டு மெஹராஜ், பேசுவதில்லை என்ற முடிவை ஒத்திவைத்துவிட்டு வந்தாள். என்னவென்று கேட்டாள். எல்லாப் பக்கங்களையும் வாசித்துத் தமிழில் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"இதை எழுதுனது பொம்பளப் பிள்ளையா?"

"மாரீஸ்வரின்னு பேரு போட்டிருக்கு."

"அதான். தனக்கு எது தெரியாதுன்னு ஒக்காந்து யோசிச்சு எழுதிருக்கு. உங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதி வாசல்ல மாட்டணும். வர்றவுக படிச்சுட்டு உள்ள வரட்டும்."

"எனக்கு என்ன குறை?"

"காலையில சொல்றதை சாயங்காலம் நம்பக் கூடாது. கோவத்துல சொல்றதை என்னைக்கும் நம்பக் கூடாது. ஊருக்குள்ள சொல்றதுல பாதியத் தள்ளிரணும். பதினோரு பக்கம் பத்தாதுங்க."

பிறகு தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பிள்ளை தெரியலன்னு எழுதின எடத்துல, நீங்க ஆதரவுன்னு எழுதிட்டீக. எழுதுனதுக்கு எம் மகளை விலையாக் குடுத்துட்டீக."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். ஆனால் சொல்ல விருப்பமில்லை.

அம்மா, நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் அல்ல. அதை இப்போதே தெளிவுபடுத்திவிடுகிறேன். கட்டத்தைக் காலியாக விட்டது நீங்கள், வாயைக் காலியாக விட்டது மருமகன், இடையில் என் தவறு எங்கே வந்தது? அதனால் நான் செய்தது இவ்வளவுதான். உங்கள் பதினோரு பக்கத்தையும் படமெடுத்து, ஏழாம் பக்கத்தை நிமிர்த்தி, மருமகனின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். கூட ஒரு எழுத்தும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்ரின் கூப்பிட்டாள்.

"அத்தா, என்ன இது?"

"படிச்சுப் பாரு."

"பாத்தோம். இது மன்னிப்பா?"

"இது பதினோரு பக்கம்."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆண் குரல். "மாமா, எங்க ஆபீஸ்லயும் இந்த டேட்டாபேஸைத்தான் பாக்குறோம். புதுசா வர்றவுக யாரும் இந்தக் குறிப்பை முழுசாப் படிச்சதில்ல. நீங்க படிச்சிருக்கீக" என்றார் மருமகன். புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் அல்ல நான். இருந்தாலும் உண்மையை மறுக்க முடியாதல்லவா? "டிக்கெட் கேன்சல் பண்ணிட்டீகளா?" என்று மட்டும் கேட்டேன். "பண்ணல மாமா" என்றார். "பண்ணலன்னா வந்துதான ஆகணும். துட்டு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று வைத்துவிட்டேன்.

மதுரையில் இறங்கி, கார் பிடித்து, தேனி தாண்டி வரும்போது சின்னமனூரில் அவளுக்குப் பருத்திப்பால் குடிக்கத் தோன்றி, நிறுத்திக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். வாசலில் மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், மிதிக்கலாமா என்று கேட்பதுபோல. நான் வேறு பக்கம் பார்த்தேன். மிதித்தார். அந்தக் கட்டம் அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எப்படி ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே சோறு போட்டேன். இது என் வழக்கம் அல்ல, உங்களால் வந்தது. அப்ரின் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, கோல்டு ஸ்டோரேஜ் இதுல கொள்ளலையா?" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குழம்பில் உப்பும் காரமும் திரும்பி வந்தன.

பிறகு காலாண்டு முடிந்து ஃபண்ட் தன் ஓட்டுகளை வெளியிட்டதும், நீங்கள் மறக்காமல் எனக்கென்று தனியாகச் செய்தி அனுப்பினீர்கள் பாருங்கள், "ஐயா, உங்கள் கட்டம் நிரம்பிவிட்டது" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி நன்றி. திறந்து பார்த்தேன். "எதிர்ப்பு." காரணம் என்கிற பத்தியில், கிடங்கை விற்பதால் சிறு பங்குதாரர்களுக்கு நன்மை எதுவும் காட்டப்படவில்லை என்று எழுதியிருந்தது. அப்படியே பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிடங்கு வாசலுக்குப் போய், வடை ஆறுவதற்குள் அய்யாத்துரையிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். மறுபடி படித்தான்.

"சரி மச்சான். ஃபண்டு எதிர்த்திருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா இதுல கை யாரு கைன்னு இல்லையே? ஆபீஸ்னா அங்கன நூறு கை இருக்கும்."

அவனை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் யோசித்தால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, இது அவன் வாழ்க்கையில் முதல் தடவை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குறிப்பில் எல்லாக் குறையும் சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, போட்டவரின் பெயர் இல்லை. உடனடியாக ஒரு பத்தி சேருங்கள், "முடிவெடுத்த கை" என்று. அதில் தென்சாரலுக்கு நேரே முதலாவதாக "கலீல் ரஹ்மான், நத்தர்ஷாவின் மருமகன்" என்று எழுதுங்கள். இது என் கோரிக்கை அல்ல, கட்டளை என்றே வைத்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டால் மறுபடியும் மின்னஞ்சல் எழுதுவேன்.

இத்துடன் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை அனுப்பியிருக்கிறேன், பார்சல் சர்வீஸில் வந்து சேரும். உங்களைப் பார்த்து நானும் பெட்டிக்குள் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். எங்கள் வழக்கப்படி நல்ல குலைகள் மேலடுக்கில் இருக்கும். அதை வைத்துப் பெட்டி முழுவதையும் மதிப்பிட வேண்டாம். கீழடுக்கில் சில பழம் நசுங்கியிருக்கலாம். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வார்த்தையை எழுதும்போது கை கொஞ்சம் கூசியது, ஆனால் எழுதியபின் உடம்புக்கு லேசாக இருக்கிறது. நீங்கள் தினமும் எழுதுவதால் உங்களுக்குப் பழகியிருக்கும்.

நிரம்ப வேண்டிய கட்டமெல்லாம் உங்களுக்குத் தானாக நிரம்பட்டும். நிரம்பாததை யாரும் தன் இஷ்டத்துக்கு நிரப்பாமல் இருக்கட்டும். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் உங்கள் மெஷினுக்கும் நீண்ட ஆயுளை இறைவன் தரட்டும். மெஹராஜ் தன் சலாத்தைத் தனியாகச் சொல்லச் சொன்னாள், என்னுடையதோடு சேர்த்து ஒன்றாக எழுதிவிட வேண்டாமாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் எதையும் திரும்பப் பெறாத,
நத்தர்ஷா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பிழை பார்க்கட்டும் என்று மருமகனிடம் கொடுத்தேன். முற்றத்தில் உட்கார்ந்து படித்தார். "முடிவெடுத்த கை" என்ற இடம் வந்ததும் தாளை மடித்துவிட்டார்.

"மாமா, இதை அனுப்பாதீக."

"ஏன், தன்னடக்கமா?"

"இல்ல மாமா. தென்சாரலுக்கு நான் ஆதரவாப் போடணும்னுதான் எழுதிக் குடுத்தேன். அந்தக் கிடங்கு வருசா வருசம் நட்டம். கணக்குப்படி மூடுறதுதான் சரின்னு பட்டுச்சு. உங்க பழம் அங்கன இருக்குன்னு தெரிஞ்சே எழுதுனேன். கமிட்டியில மேல உள்ளவுக எதிர்ப்புன்னு மாத்திட்டாக. அன்னைக்கு போன்ல வாயத் தொறக்காம இருந்ததுக்குச் சட்டம் ஒரு காரணம். இது இன்னொரு காரணம். உங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு, இல்லாத பேரை வாங்கிக்க முடியல மாமா. ஆபீஸ் சங்கதி, வெளிய சொல்லிராதீக."

வெளியே சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அம்மா, நான் கேட்டபடியே இருந்தேன். வாசப்படி, சோறு, கல் எறிந்தவன், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அப்ரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது. மெஹராஜ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், ஒன்றுமே சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெஹராஜ், "சரி, மௌனம் சம்மதம். மருமகனே, கையைக் கழுவிட்டு வாங்க" என்று இலையைப் போட்டுவிட்டாள்.

அதனால், "முடிவெடுத்த கை" என்ற பத்தியைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். மேலே படித்தவுடன் அவசரப்பட்டுச் சேர்த்திருந்தால் எங்கள் கட்டத்தை வெற்றாக விடவும். அய்யாத்துரை யாரையாவது வைத்து உங்களுக்கு எழுதிக் கேட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.